கண்ணாடிக் கோயிலின் சாவி யாருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர், "புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள் கட்டிய நவீன ஆலயத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டம் காசு கொடுத்து வாங்கியதுண்டா?" என்று கேட்டிருந்தார். "உண்டு. கலிபோர்னியாவில் கார்டன் குரோவ் என்ற ஊரில் இருந்த கிறிஸ்டல் கதீட்ரல், முழுக்கக் கண்ணாடி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. மேசை மேல் கடிதக் கட்டு. ஆகவே இந்த முறை முழுக்க அதே கதைதான், வேறு விஷயம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரியில் முடித்தது அநியாயம். யார் கட்டியது, எப்படிக் கட்டியது, முதலிலிருந்து சொல்லுங்கள். (மதுரை வாசகர்)

சொல்கிறேன். ராபர்ட் ஷுல்லர் என்று ஒரு போதகர். ஐயோவா மாநிலத்தில் டச்சு வம்சாவளி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க ரிஃபார்ம்டு சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். 1955இல் சபை அவர் கையில் 500 டாலரைக் கொடுத்து, கலிபோர்னியாவில் கார்டன் குரோவ் இருக்கிற ஆரஞ்சு கவுண்டிக்குப் போய் ஒரு சபையைத் தொடங்கு என்று அனுப்பியது. போனால் ஆராதனை நடத்த வாடகைக்கு ஒரு கூடம் கிடைக்கவில்லை. அலைந்து திரிந்து கடைசியில் அவர் பிடித்த இடம் ஒரு டிரைவ்-இன் தியேட்டர். நம் ஊரில் சென்னை ஈசிஆரில் இருந்ததே, காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கிற தியேட்டர், அந்த வகை. (அதற்குப் பெயர் பிரார்த்தனா என்பதை இங்கே நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.)

ஞாயிறு காலையில் தியேட்டர் சும்மாதானே கிடக்கும். ஷுல்லர் அங்கே தின்பண்டம் விற்கிற கடையின் கூரை மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். அவர் மனைவி அர்வெல்லா ஆர்கன் வாசிப்பார், அந்த ஆர்கனை வாராவாரம் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். சனிக்கிழமை ராத்திரி சினிமா வசனம் வந்த அதே சின்ன ஸ்பீக்கரைக் கார் ஜன்னலில் மாட்டிக்கொண்டால் ஞாயிறு காலை வேத வசனம் வரும். நல்ல சட்டை இல்லாதவர், கைக்குழந்தையோடு வந்தவர், நடக்க முடியாதவர், பக்கத்து ஆள் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படுகிறவர், யாராக இருந்தாலும் காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஷுல்லரின் வெற்றி அதில்தான் இருந்தது.

கூட்டம் சேர்ந்தது. ரிச்சர்ட் நியூட்ரா என்ற பெரிய கட்டடக் கலைஞரைப் பிடித்து 1961இல், உள்ளே உட்காருகிறவர்களும் வெளியே காரில் இருக்கிறவர்களும் ஒரே நேரத்தில் பார்க்கிற மாதிரி ஓர் ஆலயம் கட்டினார்கள். 1968இல் பக்கத்தில் பதின்மூன்று மாடிக் கோபுரம், உச்சியில் சிலுவை. 1970இல் தொலைக்காட்சியில் 'ஹவர் ஆஃப் பவர்' நிகழ்ச்சி தொடங்கியது, அதன் பிறகு கார்டன் குரோவுக்கு வராதவர்களும் அவர் சபையார் ஆனார்கள். 1980 செப்டம்பரில் கண்ணாடி ஆலயம் திறந்தது. வடிவமைத்தவர்கள் பிலிப் ஜான்சனும் ஜான் பர்கியும். செலவு சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர். கட்டும்போதே ஒரு கண்ணாடிக்கு 500 டாலர் என்று ஜனங்களிடம் நன்கொடை கேட்டார்கள், இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது இது வேண்டும்.

இத்தனை பேரோடும் புகழோடும் இருந்த சபை எப்படித் திவாலானது? (தூத்துக்குடி வாசகர்)

தொலைக்காட்சியை நம்பி வளர்ந்த சபை, தொலைக்காட்சிக் காணிக்கை குறையத் தொடங்கியதும் தள்ளாடியது. அதற்குள் செலவுகள் ஏறியிருந்தன. ஆர்வத்தில் மேலே மேலே கட்டடம்: 1990இல் மணிக்கோபுரம், 2003இல் ரிச்சர்ட் மையர் வடிவமைத்த ஒரு பார்வையாளர் மையம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் உயிருள்ள ஒட்டகம், குதிரை, கம்பியில் பறக்கிற தேவதூதர்கள் என்று பிரமாண்ட நாடகங்கள். வயதான தந்தை 2006இல் பொறுப்பை மகனிடம் கொடுத்தார், 2008இல் மகனுக்கும் வீட்டாருக்கும் ஒத்துப்போகவில்லை, மகன் விலகினார், பிறகு மகள் வந்தார். அதே வருடம் அமெரிக்கப் பொருளாதாரமும் சரிந்தது. இது எந்தக் குடும்பக் கடையிலும் நடக்கிற கதைதான், இங்கே கடைக்கு மேல் சிலுவை இருந்தது, அவ்வளவே.

2010 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடன் 4 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி கட்டடத்தை அடமானம் வைத்து வாங்கியது. மிச்சப் பட்டியல்தான் மனசைக் கஷ்டப்படுத்தும், ஏனென்றால் அதில் வங்கிகளோடு சேர்த்து நாடகத்துக்கு ஒட்டகமும் கழுதையும் வாடகைக்குக் கொடுத்தவர்கள் மாதிரி சின்னச் சின்ன ஆட்களும் இருந்தார்கள். ஆலயத்துக்குத்தானே கொடுக்கிறோம், எங்கே போய்விடும் என்று நம்பிக் கடன் சொன்னவர்கள்.

ஏலத்தில் அதிகத் தொகை சொன்ன பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுக் குறைவாகச் சொன்ன ஆயருக்குக் கொடுத்தார்களாமே? உள்ளே ஏதோ இருக்கிறது! (நாகர்கோவில் வாசகர்)

நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. சாப்மன் பல்கலைக்கழகம் பக்கத்து ஊரான ஆரஞ்சில் இருக்கிறது, தன் படிப்புகளை விரிவாக்க இந்த வளாகத்தைக் கேட்டது. ஆரஞ்சு மறைமாவட்டம், அதாவது ஆயரின் தலைமையில் இயங்கும் அந்தப் பகுதிக் கத்தோலிக்கத் திருச்சபை, 2011 ஜூலையில் தனக்கும் ஆர்வம் இருக்கிறது என்று அறிவித்து 5 கோடி டாலரிலிருந்து ஏற ஆரம்பித்தது. இருவரும் மாறி மாறி ஏற்றி, கடைசியில் பல்கலைக்கழகம் 5 கோடியே 90 லட்சம் டாலர் சொன்னது, மறைமாவட்டம் 5 கோடியே 75 லட்சம். பணத்தை மட்டும் பார்த்தால் முடிவு தெரிந்ததுதான்.

ஆனால் விற்கிறவர் பணத்தை மட்டும் பார்க்கவில்லை. ஷுல்லர் தம்பதி, இந்த இடம் தொடர்ந்து கிறிஸ்தவ ஆராதனை நடக்கிற இடமாக இருக்க வேண்டும், கல்லூரி வகுப்பாக மாறக்கூடாது, ஆகவே மறைமாவட்டத்துக்கே கொடுங்கள் என்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்கள். ஆலய நிர்வாகக் குழு அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்திருந்தது, கடைசி நேரத்தில் மாறியது. இரண்டு தொகையில் எதைக் கொண்டும் கடன்காரர்களுக்கு வழி பிறக்கும் என்பதால் அந்த 15 லட்சம் டாலர் வித்தியாசம் தடையாகவில்லை. 2011 நவம்பர் 17ஆம் தேதி நீதிபதி ராபர்ட் குவான் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தார். அன்றைய ரூபாய்க் கணக்கில் சுமார் 290 கோடி. அடுத்த பிப்ரவரியில் சாவி கை மாறியது.

ஒன்று கவனியுங்கள். புராட்டஸ்டண்ட் போதகர் ஒருவர், பூசையும் மாதா சுரூபமும் ஆயரின் செங்கோலும் உள்ளே வரும் என்று நன்றாகத் தெரிந்தே, வகுப்பறையைவிட அது மேல் என்று முடிவு செய்கிறார். நம் ஊரில் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு சபைக்காரர் வந்தால் எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று யோசிக்கிற ஆட்களுக்கு இது கொஞ்சம் செரிக்காது.

பாலியல் வழக்குகளில் கோடி கோடியாக நஷ்டஈடு கொடுத்த மறைமாவட்டம்தானே அது? அதற்குள் கண்ணாடி மாளிகை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? (திருச்சி வாசகி)

கேட்க வேண்டிய கேள்வி. அதே மறைமாவட்டம்தான், அதே ஆயர் டாட் பிரவுன்தான். குருக்களாலும் திருச்சபைப் பணியாளர்களாலும் பாதிக்கப்பட்ட சுமார் 90 பேருக்கு 10 கோடி டாலர் கொடுக்க 2004 டிசம்பரில் சம்மதித்தார்கள். அதில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றன, மீதியை மறைமாவட்டம் கொடுத்தது. ஏழே வருடத்தில் இந்தக் கொள்முதல்.

மறைமாவட்டத்தின் தரப்பு வாதம் இது. 1976இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிரிந்து உருவான இந்த மறைமாவட்டத்தில் 12 லட்சம் கத்தோலிக்கர்கள், ஆனால் பேராலயமாக வைத்திருந்தது ஆரஞ்சு ஊரில் ஒரு சாதாரணப் பங்குக் கோயில் அளவுள்ள திருக்குடும்ப ஆலயம். குருப்பட்டம் என்றால் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டும். ஆகவே சாந்தா ஆனாவில் புதுப் பேராலயம் கட்ட ஏற்கெனவே திட்டம் வைத்திருந்தார்கள், அது 10 கோடி டாலருக்கு மேல் போகும். பக்கத்து லாஸ் ஏஞ்சலஸில் 2002இல் திறந்த பேராலயத்துக்கு ஆன செலவு சுமார் 19 கோடி. அப்படியிருக்க, 34 ஏக்கர் வளாகம், உலகமே பார்த்த ஆலயம், கோபுரம், கல்லறைத் தோட்டம், வண்டி நிறுத்த மைதானம் எல்லாம் சேர்த்து 5 கோடியே 75 லட்சத்துக்குக் கிடைக்கிறது, விடலாமா?

கணக்கு சரிதான். ஆனாலும் உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் நீங்கள் கேட்டது பணம் இருந்ததா என்பதை மட்டும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தக் கண்ணாடிக் கோபுரத்தைத் தாண்டிப் போகும்போது என்ன நினைப்பார் என்று நான் யோசித்துப் பார்த்தேன், அவரிடம் லாஸ் ஏஞ்சலஸ் செலவுக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கதீட்ரல் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, பிறகு ஏன் கதீட்ரல் ஆக்கினோம் என்கிறார்கள்? (வேளாங்கண்ணி வாசகர்)

அது பெயரளவில்தான் கதீட்ரல். ஆயர் அமர்கிற இருக்கைக்குக் கதீட்ரா என்று பெயர், அது இருக்கிற கோயில்தான் கதீட்ரல், நாம் பேராலயம் என்கிறோம். ரிஃபார்ம்டு சபையில் ஆயரே கிடையாது. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை லட்சம் பேர் வந்தாலும் வேளாங்கண்ணி பசிலிக்காதான், உங்கள் மறைமாவட்டத்தின் பேராலயம் தஞ்சாவூரில் இருக்கிறது. 2012இல் இந்தக் கட்டடத்துக்குக் கிறிஸ்து பேராலயம் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஆக, பெயரில் 'கதீட்ரல்' பொய்யாக இருந்த காலம் போய் அது உண்மையானபோது, 'கிறிஸ்டல்' கழன்றுவிட்டது.

வேறு சபைக்காரர் ஆராதித்த இடத்தில் கத்தோலிக்கத் திருப்பலி வைக்கலாமா? ஏதும் பரிகாரம் உண்டா? (சிவகங்கை வாசகி)

வைக்கலாம். தோஷம், பரிகாரம் என்கிற பேச்சே இங்கே இல்லை. அங்கே இத்தனை வருடம் ஜெபித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். பேராலயமாகப் பயன்படுத்தும் முன் நேர்ந்தளிப்புச் சடங்கு நடக்க வேண்டும்: ஆயர் பீடத்தின் மேல் கிறிஸ்மா தைலத்தைக் கையால் பூசுவார், சுவர்களிலும் பூசுவார், பீடத்தின் மேல் தூபம் எழும், விளக்கேற்றுவார்கள், புனிதர்களின் திருப்பண்டங்களை (எலும்பு போன்ற எச்சங்களை) பீடத்தில் வைப்பதும் வழக்கம். கார்டன் குரோவில் இது 2019 ஜூலை 17ஆம் தேதி நடந்தது, ஆயர் கெவின் வான் தலைமையில். வாங்கி ஏழு வருடம் கழித்து! ஏன் ஏழு வருடம் என்பதற்குப் பதில் அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

கட்டடக்கலை படிக்கிறேன். கண்ணாடி ஆலயத்தை உள்ளே என்ன மாற்றினார்கள்? மாற்றியது சரியா? (கோவை மாணவர்)

தம்பி, இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் பழைய கட்டடத்தை மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் நாலு முனை நட்சத்திரம் மாதிரி. நீளம் 415 அடி, அகலம் 207, உயரம் 128. வெள்ளை இரும்புக் குழாய்களால் பின்னிய சட்டம், அதன் மேல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள். கண்ணாடிகளைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கவில்லை, சிலிகோன் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், கலிபோர்னியா நிலநடுக்க பூமி, ஆடினால் பசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கண்ணாடி உடையாது. பிரசங்க மேடைக்குப் பின்னால் 90 அடி உயரக் கதவுகள். ஆராதனை தொடங்கும்போது அந்தக் கதவுகள் திறக்கும், வெளியே காரில் இருக்கிறவர்களுக்குப் போதகர் தெரிவார். நடுப்பாதை நெடுகத் தண்ணீர், அப்போஸ்தலர் பன்னிருவர் நினைவாகப் பன்னிரண்டு நீரூற்று. உள்ளே பெரிய வீடியோ திரை. தின்பண்டக் கடைக் கூரையில் தொடங்கியவர் 25 வருடம் கழித்துக் கண்ணாடியில் கட்டியதும், நன்றாகப் பார்த்தால், ஒரு டிரைவ்-இன்தான். பிலிப் ஜான்சன் தெரிந்தே அப்படிக் கட்டினார்.

இப்போது கத்தோலிக்கர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மேடை வேண்டாம், பீடம் வேண்டும். எல்லாரும் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒரு பேச்சாளரைப் பார்க்கிற அமைப்பு போதாது, பீடத்தைச் சுற்றி நிற்க வேண்டும், நடந்துவந்து நற்கருணை வாங்க வேண்டும், பவனி போக வேண்டும், ஞானஸ்நானத் தொட்டி வேண்டும், நற்கருணைப் பேழைக்குத் தனியாக அமைதியான இடம் வேண்டும். ஜான்சன் ஃபெயின் என்ற லாஸ் ஏஞ்சலஸ் நிறுவனம் மறுவடிவமைப்பு செய்தது. மேடையை எடுத்துவிட்டு, பீடத்தை மக்களுக்கு நடுவே கொண்டுவந்து, இருக்கைகளை அதை நோக்கித் திருப்பினார்கள். பீடத்துக்கு மேலே அந்தரத்தில் சிலுவை தொங்குகிறது.

அடுத்து வெயில். பழைய கட்டடத்தில் ஏசி கிடையாது, கண்ணாடியில் திறந்து மூடுகிற பகுதிகள் வழியாக வரும் காற்றுதான். கோடையில் உள்ளே உட்கார்ந்தவர்கள் விசிறிக்கொண்டே அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. சின்ன வயதில் எங்கள் பங்கில் ஒருவர் உபயத்தில் கிழக்குச் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி போட்டார்கள், அந்தச் சித்திரை மாதம் இரண்டாம் பூசையில் பீடச் சிறுவன் ஒருவன் தூபக்கலசத்தோடு மயங்கி விழுந்தான். அந்தச் சிறுவன் நான்தான். ஒரு சுவருக்கே அப்படி. இங்கே கூரையும் கண்ணாடி.

அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. கண்ணாடிக்கு உட்புறமாக, இரும்புச் சட்டத்தில், முக்கோண வடிவ உலோகத் தகடுகளைப் பூவிதழ் மாதிரி நான்கு நான்காகச் சேர்த்துப் பொருத்தினார்கள். மொத்தம் 11,000க்கு மேல். சூரியன் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு அடிக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் இதழ் எவ்வளவு விரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வெயில் நேராக அடிக்கிற இடத்தில் மொட்டு மாதிரி கிட்டத்தட்ட மூடியிருக்கும், மற்ற இடத்தில் விரிந்திருக்கும். இவை அசையாதவை, பொருத்திய நிலையிலேயே நிற்கும். வெளிச்சம் வடிகட்டி வரும், ஏசிக்குச் சுமை குறையும், கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற எதிரொலியும் அடங்கும். இரவில் இதழ்களுக்குப் பின்னால் விளக்குப் போட்டால் வெளியிலிருந்து பார்க்கக் கட்டடமே நட்சத்திரம் விட்ட மாதிரி தெரியும். மறுவடிவமைப்புச் செலவு 7 கோடியே 70 லட்சம் டாலர். ஆமாம், வாங்கிய விலையைவிட அதிகம்! பழைய வீடு வாங்கியவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். இரண்டையும் கூட்டினாலும் லாஸ் ஏஞ்சலஸ் செலவுக்குக் கீழேதான் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆர்கன் கதையும் சுவையானது. 16,000 குழாய்களுக்கு மேல் உள்ள, உலகின் மிகப் பெரிய ஆர்கன்களில் ஒன்று. மொத்தமாகக் கழற்றிக் கப்பலேற்றி இத்தாலியில் பாதுவாவுக்கு அனுப்பினார்கள், அதை முன்பு செய்த அதே ருஃபாத்தி நிறுவனத்திடமே. வெயிலும் தூசியும் பட்டுக் கிடந்த குழாய்களைப் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

மாற்றியது சரியா என்று கேட்டீர்கள். ஜான்சன் கட்டியதில் இருந்த மாயம், உள்ளே உட்கார்ந்தபடி மேகம் நகர்வதைப் பார்க்கலாம் என்பது. இதழ்கள் வந்த பிறகு மேகம் தெரிவது குறைந்துவிட்டது. அது நஷ்டம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மாயத்தை அப்படியே வைத்திருந்தால், பூசைக்கு வந்தவர்கள் பீடத்தை விட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் இன்னொரு வழிபாட்டைக் குடியமர்த்தியதில் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் பரீட்சையில் அவர் சொன்னதையே எழுதுங்கள்.

ஒரு கண்ணாடிக்கு 500 டாலர் கொடுத்த பக்தர்கள் கதி? அந்தச் சபையார் எங்கே போனார்கள்? (சென்னை வாசகி)

மறந்துவிடாதீர்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். கண்ணாடி அங்கேயேதான் இருக்கிறது. கொடுத்தவருக்கு உரிமை கிடையாது, காணிக்கை காணிக்கைதான், நம் ஊரில் டியூப் லைட்டில் பெயர் எழுதிக் கொடுக்கிறவருக்கும் அதே சட்டம்தான். வளாகத்தில் வேத வசனமும் நன்கொடையாளர் பெயரும் பொறித்த நடைபாதைக் கற்களும் இருந்தன. புதுப்பிக்கும்போது அவற்றை எடுத்தபோது பலருக்கு வருத்தம். இறந்துபோன தாயின் பெயரில் கல் பதித்தவரிடம் அது வெறும் நடைபாதைக் கல் என்று சொல்ல முடியுமா?

சபையாருக்கு மூன்று வருடம் வரை அங்கேயே வாடகைக்கு இருக்க அனுமதி இருந்தது. 2013 ஜூனில் வெளியேறினார்கள். போன இடத்தைக் கேளுங்கள்: பக்கத்திலேயே இருந்த புனித கலிஸ்டஸ் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு! அந்தப் பங்கு மக்கள் இங்கே வளாகத்துக்கு வந்து, கண்ணாடிக் கோயில் தயாராகும் வரை நியூட்ரா 1961இல் கட்டிய பழைய ஆலயத்தில் பூசை பார்த்தார்கள். அதாவது காருக்காகக் கட்டிய புராட்டஸ்டண்ட் ஆலயத்தில் கத்தோலிக்கர்கள், கத்தோலிக்கக் கோயிலில் ஷுல்லரின் சபை. விற்றவரும் வாங்கியவரும் என்பதோடு, குடிமாற்றிக்கொண்டவர்களும் அவர்களே. இதில் கண்ணாடிக் கோயிலை இழந்தவர்கள் மட்டும் துக்கப்பட்டார்கள் என்று நினைக்காதீர்கள், தன் பெற்றோர் கல்யாணம் நடந்த சின்னப் பங்குக் கோயிலை விட்டு வரச் சொன்னால் எந்தக் கத்தோலிக்கப் பாட்டியும் சந்தோஷமாக வந்திருக்க மாட்டார். ஷுல்லரின் சபை பிறகு ஷெப்பர்ட்ஸ் குரோவ் என்ற பெயரில் தொடர்ந்தது.

இலங்கையிலோ இந்தியாவிலோ இப்படி ஆலயம் கை மாறியதுண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஐயா, ஆனால் அது காசு கொடுத்து வாங்கிய கதை இல்லை. போர்த்துக்கீசர் காலத்தில் யாழ்ப்பாணக் கிராமங்களில் கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன. 1658இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டுக் கோயில்களைத் தங்கள் ரிஃபார்ம்டு சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் ஒளிந்து ஜெபித்த காலம் அது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய ஆலயங்களில் குடியேறினார்கள். வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இன்று அந்த வட்டுக்கோட்டை ஆலயம் தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம்.

இதில் எனக்கு ஒரு ரசம். ஷுல்லரின் அமெரிக்க ரிஃபார்ம்டு சபை எங்கிருந்து வந்தது? 1628இல் இன்றைய நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள் தொடங்கிய சபை அது. வட்டுக்கோட்டையில் கத்தோலிக்கரிடமிருந்து பிடுங்கிய சபைக்கு, ஒருவகையில் பெரியப்பா பிள்ளை முறை. ஒரு கரையில் பிடுங்கியவர்களின் உறவுக்காரர், மூன்றரை நூற்றாண்டு கழித்து இன்னொரு கரையில், "உங்களுக்கே கொடுக்கிறோம், கூடக் கிடைக்கிற 15 லட்சம் டாலரெல்லாம் வேண்டாம்" என்று சாவியை நீட்டியிருக்கிறார்கள்.

கத்தோலிக்கக் கோயிலை வேறு யாருக்கும் விற்கலாமா? (சேலம் வாசகர்)

விற்கலாம். முதலில் ஆயர் ஆணை போட்டு அதை வழிபாட்டுத் தலம் என்ற நிலையிலிருந்து விலக்க வேண்டும், அதன் பிறகும் இழிவான உபயோகத்துக்குப் போகக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஐரோப்பாவில் நூலகமாகவும் புத்தகக் கடையாகவும் மாறிய கோயில்கள் உண்டு. மதுக்கடையானவையும் உண்டு, அதை இழிவு என்பதா வேண்டாமா என்று நீங்களும் நானும் சண்டை போட வேண்டாம்.

இப்போது அங்கே யார் போகிறார்கள்? ஷுல்லர் என்ன ஆனார்? (விழுப்புரம் வாசகி)

ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாம் மொழி என்று பல மொழிப் பூசை. கார்டன் குரோவும் பக்கத்து வெஸ்ட்மின்ஸ்டரும் சேர்ந்த பகுதிக்கு லிட்டில் சைகான் என்றே பெயர், போருக்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர் நிறைய. 2021இல் அவர்களுடைய லா வாங் மாதாவுக்கு அதே வளாகத்தில் ஒரு திருத்தலம் திறந்தார்கள். நமக்கு ஆரோக்கிய மாதா எப்படியோ அவர்களுக்கு லா வாங் மாதா அப்படி.

ஷுல்லர் 2015 ஏப்ரல் 2ஆம் தேதி காலமானார். அர்வெல்லா அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். இருவரும் அந்த வளாகத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். மணி அடித்தால் கேட்கும் தூரம்.

ஒரு சின்னச் சந்தேகம். இப்போதும் அங்கே காரில் உட்கார்ந்தபடியே பூசை பார்க்க முடியுமா? (பாளையங்கோட்டை வாசகர், அதே ஆள்)

நற்கருணை வாங்க வேண்டுமே ஐயா, இறங்கித்தான் போக வேண்டும். ஆனால் பார்க்கிங் தாராளமாக இருக்கிறது.